ரெண்டர் போட்டால் அறை அனலாகிறது: 7900எக்ஸ் சிபியுவின் சூட்டை வேகம் குறையாமல் இறக்க முடியுமா?

வடபழனி_வெட்டுக்காரன்

எல்லோருக்கும் வணக்கம். கல்யாண வீடியோ எடிட்டிங் என் தொழில். வீட்டின் மேல்தளத்தில் ஓர் அறைதான் ஆபீஸ். தலைக்கு மேல் மொட்டை மாடி, மேற்கே பார்த்த ஜன்னல். மே மாதத்தில் அந்த அறை எப்படி இருக்கும் என்று சென்னைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

மெஷின்: ஏஎம்டியின் 12 கோர் சிபியு ரைசன் 9 7900எக்ஸ், 64 ஜிபி மெமரி, இரண்டு விசிறி உள்ள பெரிய ஏர் கூலர். பயாஸில் (மதர்போர்டின் அடிப்படை செட்டிங் மெனு) மெமரியை வேகமாக்கும் எக்ஸ்போவைப் போட்டதைத் தவிர எதையும் தொட்டதில்லை. ரெண்டர் (எடிட் முடிந்த வீடியோவை ஃபைலாக எடுக்கும் வேலை) ஆரம்பித்து இரண்டு நிமிஷம்கூட ஆகாது, 95 டிகிரி. அதற்கு மேல் ஏறுவதில்லை, கீழேயும் இறங்குவதில்லை, அங்கேயே குடியிருக்கிறது. விசிறிச் சத்தம் கீழ்வீட்டு வரை கேட்கிறது. வடகத்தை வெயிலில் காயப்போட வேண்டாம், உன் சிபியு பின்னால் வைத்தால் போதும் என்கிறார் அம்மா.

போன தடவை கரண்ட் பில் 518 யூனிட். 500-ஐத் தாண்டினால் ரேட் ஏறும் என்று தெரியும்தானே. ஏசி பாதி காரணம், இந்தப் பெட்டி பாதி காரணம் என்று நினைக்கிறேன்.

வேகம் குறையக் கூடாது, வைகாசி முகூர்த்த வேலை வரிசையில் நிற்கிறது. சூடும் கரண்டும் குறைய வேண்டும். "கர்வ் ஆப்டிமைசரில் மைனஸ் 30 போடு, அவ்வளவுதான்" என்று வீடியோக்களில் சொல்கிறார்கள் (கோர்களுக்குப் போகும் வோல்டேஜைக் குறைக்கும் பயாஸ் மெனு அது). பயமாக இருக்கிறது. செய்தவர்கள் சொல்லுங்கள்.

ரிச்சி_தெரு_வாசி

தலைவா, 7900எக்ஸுக்கு ஏர் கூலரா? 360 லிக்விட் கூலர் ஒன்று மாட்டுங்கள், பிரச்சினை தீர்ந்தது. ரிச்சி தெருவில் நாலு கடை ஏறி இறங்கினால் நல்ல விலைக்குக் கிடைக்கும்.

ஓய்வுபெற்ற_ஓம்

மன்னிக்கணும் தம்பி, அது வெட்டுக்காரர் கேட்ட கேள்விக்குப் பதில் இல்லை. சிப்பில் உண்டாகும் சூட்டை எடுத்து அறைக்குள் விடுவதுதான் கூலரின் வேலை. 180 வாட் எரித்தால் 180 வாட்டும் அறைக்குள்தான் வரும், காற்று வழியாக வந்தால் என்ன, தண்ணீர் வழியாக வந்தால் என்ன? பெரிய கூலர் போட்டால் இந்த ரைசன் "ஓ, இன்னும் இடம் இருக்கிறதா" என்று கூடுதலாக இழுக்கவும் செய்யும். அறை இன்னும் சூடாகும். பில்லும் ஏறும். அப்புறம் அந்தச் சூட்டை வெளியே தள்ள ஏசிக்குத் தனியாகக் கரண்ட்.

95 டிகிரியைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். 2022-இல் வந்த ரைசன் 7000 வரிசையில் மேல்மட்ட சிப்புகள் அந்த எண்ணை இலக்காக வைத்தே ஓடுகின்றன. 95 வரும்வரை வேகத்தை ஏற்றிக்கொண்டே போகும், வந்ததும் அங்கே நின்று வேகத்தைச் சரிசெய்துகொள்ளும். அது கோளாறு இல்லை, வடிவமைப்பே அப்படி. பழைய கூலர்கள் பொருந்த வேண்டும் என்பதற்காக மேலே உள்ள உலோக மூடியைத் தடிமனாக வைத்திருப்பதும் ஒரு காரணம், சூடு சீக்கிரம் வெளியே வராது.

இனி விஷயத்துக்கு வருவோம். நாற்பது வருஷம் மின்துறையில் குப்பை கொட்டியவன் என்பதால் கொஞ்சம் கணக்கு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

சிப் வேலை செய்யும்போது இழுக்கும் வாட், வோல்டேஜின் இருமடிக்கும் கிளாக் வேகத்துக்கும் ஏற்ப மாறும். வேகத்தை 4 சதவீதம் கூட்டினால் வாட்டும் 4 சதவீதம் கூடும், அத்தோடு நின்றால் பரவாயில்லை. ஆனால் அந்தக் கடைசி 4 சதவீதத்துக்கு வோல்டேஜையும் ஏற்ற வேண்டியிருக்கிறது. உதாரணத்துக்கு 1.1 வோல்ட் போதும் என்றிருந்த இடத்தில் 1.2 கொடுக்கிறோம் என்று வையுங்கள். 1.2-ஐ 1.1-ஆல் வகுத்து இருமடியாக்கினால் 1.19. அதை வேகத்தின் 1.04-ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 1.24. நாலு சதவீத வேகத்துக்கு இருபத்து நாலு சதவீதக் கரண்ட்! சிப் சூடாகச் சூடாகக் கசிவு மின்சாரமும் கூடும், அது தனிக் கணக்கு.

இதைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். கடைசி நாலு சதவீதத்தை விட்டுக்கொடுத்தால் சூட்டில் ஐந்தில் ஒரு பங்கு போய்விடும்.

வடபழனி_வெட்டுக்காரன்

ஐயா, நன்றாகப் புரிந்தது. அப்படியானால் கம்பெனியே ஏன் குறைத்து வைத்துக் கொடுக்கவில்லை?

பெருங்குடி_பைட்

விமர்சனங்களில் வரும் பட்டை வரைபடத்துக்காகத்தான், வேறென்ன! எதிராளியின் சிப் பக்கத்தில் இருக்கும்போது 3 சதவீதம் முன்னால் தெரிந்தால் விற்பனை. கரண்ட் பில் கட்டுவது நீங்கள்தானே.

இன்னொரு காரணம் நியாயமானது. ஒரே அச்சில் வந்தாலும் எல்லாச் சிப்பும் ஒரே தரம் இல்லை. சில சிப்புக்குக் குறைந்த வோல்டேஜ் போதும், சிலவற்றுக்குப் போதாது. மிக மோசமான சிப்பும் தடுமாறாமல் ஓடும்படி எல்லாவற்றுக்கும் சேர்த்துக் கொஞ்சம் தாராளமாகவே வோல்டேஜ் கொடுத்து அனுப்புவார்கள். அந்தத் தாராளத்தில் கொஞ்சத்தைத் திரும்ப எடுத்துக்கொள்வதுதான் அண்டர்வோல்ட். உங்கள் சிப்பில் எவ்வளவு எடுக்கலாம் என்று யூடியூப்காரருக்குத் தெரியாது. அவர் சொல்லும் மைனஸ் 30 அவர் சிப்புக்கு.

ப்ரோ, மைனஸ் எதையும் இப்போதைக்குத் தொடாதீர்கள். முதலில் பவர் லிமிட். உங்கள் சிப்பின் டிடிபி, அதாவது கம்பெனி சொல்லும் வாட் கணக்கு, 170, ஆனால் சாக்கெட் வழியாக உண்மையில் 230 வாட் வரை இழுக்க அனுமதி உண்டு. இந்த இரண்டாவது எண்ணுக்குத்தான் பிபிடி என்று பெயர். ஏஎம்டியே பயாஸில் ஈகோ மோட் கொடுத்திருக்கிறது: 105 வாட் ஈகோ என்றால் பிபிடி 142, 65 வாட் ஈகோ என்றால் 88. பிரிசிஷன் பூஸ்ட் ஓவர்டிரைவ் மெனுவில் லிமிட்டை மேனுவல் ஆக்கினால் இடைப்பட்ட எண்ணையும் நாமே போட்டுக்கொள்ளலாம்.

பவர் லிமிட்டின் அழகு என்னவென்றால், அதனால் மெஷின் கிராஷ் ஆகாது. வோல்டேஜுக்கும் வேகத்துக்கும் கம்பெனி போட்ட கணக்கு அப்படியே இருக்கிறது, உச்சிக்குப் போகாமல் நிறுத்துகிறோம், அவ்வளவுதான்.

முழு_வேகம்

எனக்கு இந்தப் பேச்சே பிடிபடவில்லை. காசு கொடுத்து 170 வாட் சிப் வாங்கி, அதை 65 வாட்டில் ஓட்டுவானேன்? அதற்கு 7900 என்றே சின்னதாக ஒன்று இருக்கிறதே, எக்ஸ் இல்லாமல். புல்லட் வாங்கி இரண்டாம் கியரில் ஓட்டுகிற கதை.

பெருங்குடி_பைட்

7900 பற்றிச் சொன்னது சரி. 65 வாட், 12 கோர், ஏறக்குறைய அதே சிலிக்கன். புதிதாக வாங்குகிறவர்களுக்கு அதைத்தான் சொல்வேன். ஆனால் இவர் ஏற்கெனவே எக்ஸ் வாங்கிவிட்டார்.

இரண்டாம் கியர் உவமை மட்டும் பொருந்தாது. ஒரு கோர், இரண்டு கோர் வேலையில் சிப் முழு வேகம் போகத்தான் போகிறது, அதற்கு அவ்வளவு வாட் தேவையே இல்லை. 12 கோரும் சேர்ந்து முட்டும்போதுதான் லிமிட் கைவைக்கும். அப்புறம் ஒன்று யோசியுங்கள். வெளிநாட்டு விமர்சனங்களில் அறை 21, 22 டிகிரி. இவர் அறை மதியம் 35. கூலரின் சாமர்த்தியம் எல்லாம் அறை வெப்பத்துக்கு மேல் எத்தனை டிகிரி என்பதில்தான். ஆக, இவர் சிப் 95-இல் முட்டி ஏற்கெனவே வேகத்தைக் குறைத்துக்கொண்டுதான் ஓடுகிறது. விமர்சனத்தில் பார்த்த முழு வேகம் இவருக்குக் கிடைக்கவே இல்லை. இல்லாததை எப்படி இழப்பது?

வடபழனி_வெட்டுக்காரன்

சரி, இரண்டு நாள் உட்கார்ந்து அளந்துவிட்டேன். பிளக்கில் செருகும் வாட் மீட்டர் ஒன்று வாங்கினேன். ஒரே டைம்லைன், ஒரே எக்ஸ்போர்ட், ஏசி 27-இல், ஒவ்வொன்றும் மூன்று முறை. மீட்டர் எண் மொத்தப் பெட்டிக்கும், மானிட்டர் இல்லாமல்.

எதையும் தொடாமல்: 21 நிமிஷம் 10 விநாடி, மீட்டரில் 270 வாட், 95 டிகிரி.
பிபிடி 142: 21 நிமிஷம் 35 விநாடி, 225 வாட், 85 டிகிரி.
பிபிடி 120, கையால் போட்டது: 22 நிமிஷம் 15 விநாடி, 195 வாட், 76 டிகிரி.
பிபிடி 88: 24 நிமிஷம் 50 விநாடி, 155 வாட், 63 டிகிரி.

142-க்கு வெறும் 25 விநாடிதான் வித்தியாசம். நம்பவே முடியவில்லை. 88-இல் சத்தமே இல்லை, ஆனால் மூன்றரை நிமிஷம் எனக்குக் கட்டுப்படியாகாது, ஒரு நாளைக்குப் பதினைந்து எக்ஸ்போர்ட் போகும்.

120-இல் நின்று இழந்த ஒரு நிமிஷத்தை மீட்க முடியுமா?

ஓய்வுபெற்ற_ஓம்

மூன்று முறை அளந்ததற்கும் அறை வெப்பத்தை நிலையாக வைத்ததற்கும் ஒரு சபாஷ். நள்ளிரவு அளந்ததையும் மதியம் அளந்ததையும் பக்கத்தில் வைத்து "பத்து டிகிரி குறைந்துவிட்டது" என்று எழுதுகிறவர்கள்தான் இங்கே அதிகம்.

மீட்கலாம். இப்போதுதான் அண்டர்வோல்டுக்கு அர்த்தம் வருகிறது.

அம்பத்தூர்_அச்சு

இன்டெல்காரன் நடுவில் புகுவதற்கு மன்னிக்கவும், நான் பட்ட பாடு யாருக்காவது உதவும். என்னிடம் இன்டெலின் 14700கே சிப். டூல் டிசைன் வேலை, ராத்திரி முழுக்க சிமுலேஷன் ஓடும். இன்டெல் இதற்குச் சொல்லும் உச்சவரம்பு 253 வாட். என் போர்டு முதல் நாளிலிருந்தே லிமிட்டை 4096 வாட் என்று வைத்திருந்தது, அதாவது லிமிட்டே இல்லை. பயாஸைத் திறந்து பார்க்கும்வரை எனக்கே தெரியாது. இன்டெல் வைத்திருப்பவர்கள் இன்று ராத்திரியே பயாஸில் பிஎல்1, பிஎல்2 என்ற இரண்டு பவர் லிமிட்டையும் பாருங்கள். நான் இரண்டையும் 180-இல் வைத்தேன். சிமுலேஷன் நேரத்தில் பெரிய மாற்றம் இல்லை, பெட்டியைத் தொட முடிகிறது.

அதோடு நின்றிருக்க வேண்டும். ஆசை விடவில்லை. வோல்டேஜ் ஆஃப்செட்டில் மைனஸ் 80 மில்லிவோல்ட் போட்டேன். சூடு சட்டென்று இறங்கியது. ஆஹா என்று இரண்டு வாரம் எல்லோரிடமும் பெருமை பேசினேன். பிறகு சினிபெஞ்ச் என்ற வேகச் சோதனை போட்டுப் பார்த்தால் மதிப்பெண் பாதாளத்தில்! கிளாக் மட்டும் பழைய எண்ணையே காட்டுகிறது.

காரணம் சிஇபி என்று ஒரு காவல். எதிர்பார்த்த வோல்டேஜுக்குக் கீழே போனால், தவறு நடந்துவிடக் கூடாதே என்று சிப் தன் கிளாக்கை உள்ளுக்குள்ளேயே இழுத்து நீட்டிவிடும். வெளியே காட்டும் எண் மாறாது. எச்டபிள்யூஇன்ஃபோ என்ற கண்காணிப்பு மென்பொருளில் "எஃபெக்டிவ் கிளாக்" (உண்மையில் ஓடும் வேகம்) என்ற வரியைப் பார்த்தால்தான் குட்டு வெளிப்படும். சில போர்டுகளில் சிஇபியை அணைக்கலாம், எல்லாவற்றிலும் முடியாது. அணைத்தால் அதன் பாதுகாப்பும் போய்விடும், பார்த்துக்கொள்ளுங்கள். நான் கடைசியில் மைனஸ் 40-க்கு வந்துவிட்டேன், மதிப்பெண் திரும்ப வந்துவிட்டது.

13, 14-ஆம் தலைமுறைக்காரர்களுக்கு இன்னொன்று. அதிக வோல்டேஜால் சிப் தேய்ந்து நிலைகுலையும் பிரச்சினைக்கு 2024 ஆகஸ்டில் இன்டெல் 0எக்ஸ்129 மைக்ரோகோட் (பயாஸ் அப்டேட்டோடு வரும் சிப்பின் உள் நிரல்) வெளியிட்டது. சிப் கேட்கக்கூடிய வோல்டேஜை அது 1.55-க்குள் கட்டிவைக்கிறது. அடுத்த மாதமே 0எக்ஸ்12பி வந்தது. அண்டர்வோல்ட் செய்யப் பழைய பயாஸே வசதி என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். முதலில் பயாஸ் அப்டேட், அப்புறம் மற்றது.

மைனஸ்_முப்பது

என் பெயரைப் பார்த்தாலே கதை தெரிந்திருக்கும். 7900எக்ஸ்தான் எனக்கும். எல்லாக் கோருக்கும் மைனஸ் 30. சினிபெஞ்ச் அரை மணி நேரம் ஓடியது, அசையவில்லை. கேம் ஓடியது. "நம்ம சிப் தங்கம்" என்று நினைத்துக்கொண்டேன். நாலாவது நாள் ராத்திரி டவுன்லோடு ஒன்று போட்டுவிட்டுத் தூங்கப் போனேன். காலையில் பார்த்தால் மெஷின் தானாக ரீஸ்டார்ட் ஆகி லாகின் திரையில் நிற்கிறது. மறுபடி இரண்டு நாள் கழித்து பிரவுசர் மட்டும் திறந்திருந்தபோது அதே. பவர் சப்ளை போய்விட்டதோ என்று புதிதாக ஒன்று வாங்கியும் விட்டேன். காசு போனது போனதுதான்.

விண்டோஸின் ஈவன்ட் வியூவரில் டபிள்யூஎச்இஏ லாகர் (ஹார்ட்வேர் பிழைப் பதிவு), எண் 18 என்று சிவப்பாக இரண்டு வரி. அதில் எந்தக் கோர் என்பதற்கும் அடையாளம் இருக்கிறது. எங்கே தவறு என்று அப்போதுதான் புரிந்தது.

பெருங்குடி_பைட்

இந்த அனுபவத்தை எல்லோரும் இரண்டு முறை படியுங்கள். கர்வ் ஆப்டிமைசரின் தந்திரமே இதுதான்: பாரம் ஏற்றினால் தாங்கும், சும்மா இருக்கும்போது விழும்.

12 கோரும் ஓடும்போது பவர் லிமிட் இடித்து வேகம் 5 கிகாஹெர்ட்ஸ் பக்கத்தில் நிற்கும், அங்கே வோல்டேஜுக்குத் தட்டுப்பாடு இல்லை. சும்மா இருக்கும் நேரத்தில் ஏதோ ஒரு சின்ன வேலைக்கு ஒரே கோர் எழுந்து 5.6 வரை பாயும். அந்த உச்சியில்தான் ஒவ்வொரு மில்லிவோல்டும் தேவை. அங்கே நாம் கைவைத்திருக்கிறோம், கோர் தடுக்கி விழுகிறது. அதனால் சினிபெஞ்ச் தேர்வே இல்லை. கோர்சைக்ளர் என்று ஓர் இலவச ஸ்கிரிப்ட் உண்டு, ஒவ்வொரு கோராகத் தனித்தனியே உச்சத்துக்குக் கொண்டுபோய்ச் சோதிக்கும். ராத்திரி போட்டுவிட்டுத் தூங்குங்கள்.

கர்வ் ஆப்டிமைசரில் ஓர் எண்ணுக்குத் தோராயமாக 3 முதல் 5 மில்லிவோல்ட். மைனஸ் 30 என்றால் 90 முதல் 150 வரை. சின்ன விஷயம் இல்லை. பொதுவாகச் சிப்பின் மிகச் சிறந்த இரண்டு கோர்களுக்குத்தான் குறைவாகக் கழிக்க வேண்டிவரும். அவைதான் உச்ச வேகத்துக்கு ஓடுகின்றன, அவற்றிடம் உபரி கம்மி.

இன்னொரு ஏமாற்றமும் உண்டு. பவர் லிமிட் இல்லாமல் வெறும் மைனஸ் மட்டும் போட்டால் சூடு குறையாமல் போகலாம். மிச்சமான வோல்டேஜை வைத்து சிப் இன்னும் வேகமாக ஓடி மறுபடி 95-க்கே வந்து உட்காரும். "அண்டர்வோல்ட் செய்தும் சூடு அப்படியே" என்று கேட்கிறவர்கள் பெரும்பாலும் இந்தக் கேஸ்தான்.

வெட்டுக்காரரே, பிபிடி 120-ஐ அப்படியே வையுங்கள். எல்லாக் கோருக்கும் மைனஸ் 10-இல் ஆரம்பியுங்கள். ஒரு ராத்திரி கோர்சைக்ளர், இரண்டு நாள் சாதாரண வேலை. பிறகு மைனஸ் 15. அதற்கு மேல் போவதானால் கோர் கோராகப் போங்கள், மொத்தமாக வேண்டாம்.

உப்புக்காற்று

திருவான்மியூரிலிருந்து. கடற்கரைக்கு நாலு தெரு. இவ்வளவு பெரிய இழையில் தூசி பற்றி யாரும் பேசவில்லையே? எங்கள் பக்கம் ஈரமும் உப்பும் தூசியும் சேர்ந்து கூலர் தகடுகளுக்குள் களிமண் மாதிரி ஒட்டிக்கொள்ளும். எந்த எண்ணையும் மாற்றும் முன் பெட்டியைத் திறந்து ஊதுங்கள். விசிறியைக் கையால் பிடித்துக்கொண்டு ஊதுங்கள், தறிகெட்டுச் சுற்றவிடாதீர்கள்.

பில் பற்றி: ரெண்டர் ஆறு மணி நேரம்தான், மீதி நேரம் பெட்டி சும்மா எரிகிறதா என்று பாருங்கள். இந்த ரைசன்கள் சும்மா இருக்கும்போதும் ஓரளவு வாட் தின்னும். எக்ஸ்போ போட்டால் எஸ்ஓசி (சிப்பில் மெமரியைக் கவனிக்கும் பகுதி) வோல்டேஜும் ஏறும். 2023-இல் சில சிப்புகள் கருகிய விவகாரத்துக்குப் பிறகு அதற்கு 1.3 வோல்ட் என்று உச்சவரம்பு வைத்தார்கள். பயாஸ் பழசாக இருந்தால் முதலில் அதை மாற்றுங்கள். மற்றபடி, வேலை முடிந்ததும் ஸ்லீப்பில் போடுவதைவிடப் பெரிய மிச்சம் எந்த மெனுவிலும் இல்லை.

வடபழனி_வெட்டுக்காரன்

பதினேழு நாள் கழித்து வருகிறேன். மன்னிக்கவும், முகூர்த்தம் தொடர்ச்சியாக இருந்தது.

முதலில் பெட்டியைத் திறந்தேன். உப்புக்காற்று சொன்ன மாதிரியே. வடபழனியில் உப்பு இல்லை, மெட்ரோ வேலைத் தூசி இருக்கிறது. ஒரு தலையணையே நிரப்பலாம் போல அவ்வளவு.

பிபிடி 120, மைனஸ் 10: ஒரு ராத்திரி சோதனை, பிழை இல்லை. மைனஸ் 15: இரண்டாம் ராத்திரி ஒரே ஒரு கோர் பிழை காட்டியது, மென்பொருள் நட்சத்திரம் போட்டுக் காட்டும் நல்ல கோர்களில் ஒன்றுதான். அதை மட்டும் மைனஸ் 8-க்கு இறக்கினேன், மற்றவை 15-லேயே. அதற்குப் பிறகு ஒரு தடவைகூட விழவில்லை, ஈவன்ட் வியூவரும் சுத்தம்.

அதே எக்ஸ்போர்ட் இப்போது 21 நிமிஷம் 30 விநாடி, 194 வாட், 74 டிகிரி. ஆரம்பத்தைவிட 20 விநாடி தாமதம், 76 வாட் குறைவு. எஃபெக்டிவ் கிளாக்கையும் பார்த்தேன், ஏமாற்றவில்லை.

ஓய்வுபெற்ற_ஓம்

கணக்குப் போட்டுவிடுவோம். 76 வாட், தினம் 6 மணி நேரம், 60 நாள். 27 யூனிட் சொச்சம். அந்தச் சூட்டை வெளியே தள்ள ஏசி எரித்திருக்கும் யூனிட் ஏழெட்டு என்று வையுங்கள். இதே வேலை, இதே வெயில் என்றால் 518 என்பது 485 பக்கத்தில் வந்து நிற்கும். 500-ஐத் தாண்டியதால்தானே மேல்படி ரேட் கொடுத்தீர்கள்.

முழு_வேகம்

20 விநாடி போனது போனதுதானே. சும்மா சொன்னேன். என் மெஷினிலும் 142 போட்டுவிட்டேன், வீட்டில் யாரிடமும் சொல்ல வேண்டாம்.

பெருங்குடி_பைட்

வெட்டுக்காரரே, ஒரே ஒரு வேலை பாக்கி. பயாஸில் நீங்கள் மாற்றிய ஒவ்வொரு பக்கத்தையும் போனில் படம் எடுத்து வையுங்கள். அடுத்த பயாஸ் அப்டேட் போட்டதும் எல்லாம் பழையபடி ஆகிவிடும், எந்தக் கோருக்கு மைனஸ் 8 என்று அப்போது ஞாபகம் வராது.

வடபழனி_வெட்டுக்காரன்

எடுத்துவிட்டேன் ப்ரோ. கிராபிக்ஸ் கார்டுக்கும் இதே மாதிரி செய்யலாமா?

பெருங்குடி_பைட்

செய்யலாம், மிச்சமும் நிறைய. அதற்குத் தனி இழை திறங்கள், இங்கே கேட்டால் யாருக்கும் கண்ணில் படாது.